அரசுக்காகச் செய்யும் தொழில்நுட்பக் கொள்கை ஆய்வால் ஏதாவது மாறுகிறதா?

அரசுத் துறை ஒன்றுக்குத் தொழில்நுட்பத் திட்டமிடல் ஆய்வு செய்யும் வேலையில் சேரப் போகும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "இந்த ஆய்வுகள் முடிவுகளை உண்மையிலேயே மாற்றுகின்றனவா? இல்லை, ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு முத்திரை குத்தத்தான் பயன்படுகின்றனவா? இந்தியாவில் இதற்கென்று சுதந்திரமான அமைப்பு ஏதும் உண்டா?"

மாற்றுகின்றன. ஆனால் அதற்கு மூன்று விஷயங்கள் சரியாக அமைய வேண்டும். கேள்வியை எழுதுவது யார், ஆய்வு நடக்கும்போது எதிர்த்தரப்பு உள்ளே இருக்கிறதா, அறிக்கை வெளிவருவதைத் தடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது. ஆய்வாளரின் திறமைகூட இவற்றுக்கு அப்புறம்தான். வெறும் வாயால் இப்படிச் சொன்னால் நம்புவது கடினம் என்பதால், இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஓர் அமைப்பின் கதையைச் சொல்கிறேன். அமெரிக்க நாடாளுமன்றம், அதாவது அங்கே காங்கிரஸ் என்று அழைக்கப்படும் அவை, தனக்கென்று வைத்திருந்த தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் அது. சுருக்கமாக ஓ.டி.ஏ. என்பார்கள். 1972-இல் சட்டம் வந்தது, 1995-இல் மூடிவிட்டார்கள்.

அது ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1960-களின் கடைசியில் அமெரிக்க உறுப்பினர்கள் முன்னால் மிகச் சிக்கலான திட்டங்கள் வரிசையாக வந்தன. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானத்துக்கு அரசு பணம் தரலாமா? எதிரி ஏவுகணையை வானிலேயே மறிக்கும் ஏற்பாடு வேலை செய்யுமா? 1969-இல் ஏவுகணைத் தடுப்புத் திட்டம் செனட்டில் சமமான வாக்குகளில் வந்து நின்று, துணைக் குடியரசுத் தலைவரின் வாக்கால் தப்பியது. விமானத் திட்டத்துக்கு 1971-இல் பணம் நிறுத்தப்பட்டது. இரண்டு விவாதங்களிலும் உறுப்பினர்களை உறுத்தியது ஒன்றுதான். திட்டத்தை முன்வைப்பதும் அரசு நிர்வாகம், அதைப் பற்றிய தொழில்நுட்பத் தகவலைத் தருவதும் அதே நிர்வாகம். பாதுகாப்புத் துறையின் திட்டத்தைப் பாதுகாப்புத் துறையின் புள்ளிவிவரத்தை வைத்தே எடைபோட வேண்டியிருந்தது.

கனெக்டிகட் மாநில உறுப்பினர் எமிலியோ டடாரியோ பிரதிநிதிகள் சபையின் அறிவியல் துணைக்குழுவுக்குத் தலைவராக இருந்தவர். காங்கிரஸுக்குச் சொந்தமாக ஓர் ஆய்வு அமைப்பு வேண்டும் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தினார். 1972 அக்டோபர் 13 அன்று குடியரசுத் தலைவர் நிக்சன் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். 1974-இல் வேலை தொடங்கியது. டடாரியோவே முதல் இயக்குநரானார்.

அமைப்பின் வடிவத்தைக் கவனியுங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. மேற்பார்வைக் குழுவில் வாக்குரிமை உள்ள 12 உறுப்பினர்கள்: செனட்டிலிருந்து ஆறு பேர், பிரதிநிதிகள் சபையிலிருந்து ஆறு பேர். ஒவ்வோர் ஆறிலும் ஜனநாயகக் கட்சிக்கு மூன்று, குடியரசுக் கட்சிக்கு மூன்று. எந்தக் கட்சி பெரும்பான்மையில் இருந்தாலும் இந்தக் குழுவில் சரிபாதிதான். தலைமைப் பதவி ஒரு காங்கிரஸில் (அதாவது ஓர் இரண்டாண்டுப் பதவிக்காலத்தில்) செனட்டுக்கு, அடுத்ததில் பிரதிநிதிகள் சபைக்கு என்று மாறி மாறிப் போகும். ஆக, ஓர் ஆய்வைத் தொடங்கவோ வெளியிடவோ ஒரு கட்சி மட்டும் நினைத்தால் போதாது.

தொடக்கம் சுகமாக இல்லை. குழுவின் முதல் தலைவர் ஜனநாயகக் கட்சியின் செனட் உறுப்பினர் எட்வர்ட் கென்னடி. இது அவருடைய சொந்த ஆய்வுக்கூடம் என்று எதிர்க்கட்சியில் பலர் சந்தேகப்பட்டார்கள். அந்தப் பேர் போக நாளானது. 1979-இல் டென்னசியின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜான் கிப்பன்ஸ் இயக்குநராக வந்த பிறகுதான் அமைப்பு நிமிர்ந்தது. 1993-இல் கிளிண்டனின் அறிவியல் ஆலோசகராகப் போகும்வரை அவர்தான் இயக்குநர். இந்த மாதிரி இடங்களில் சட்டம் பாதி, ஆள் பாதி.

ஆய்வை அவர்கள் நடத்திய முறை உங்கள் வேலைக்கு நேரடியாக உதவும். முதலில் ஒரு நாடாளுமன்றக் குழு எழுத்தில் கேட்க வேண்டும். அலுவலகம் அந்தக் கேள்வியைப் பிரித்துப் பார்த்து, எது ஆய்வால் பதில் சொல்லக்கூடியது, எது வெறும் அரசியல் விருப்பம் என்று பிரிக்கும். மேற்பார்வைக் குழு ஒப்புக்கொண்ட பிறகு சிறு ஆய்வுக் குழு அமையும். அதற்குப் பக்கத்தில் வெளியாட்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று இருக்கும். அதில் அந்தத் தொழிலை நடத்தும் நிறுவனக்காரர், அதை எதிர்க்கும் மக்கள் அமைப்புக்காரர், பல்கலைக்கழகப் பேராசிரியர், தொழிற்சங்கக்காரர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த ஆலோசனைக் குழு ஒருமித்த கருத்துக்கு வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அறிக்கையை எழுதுவதும் பொறுப்பேற்பதும் அலுவலக ஊழியர்கள்தான். குழுவின் வேலை, எழுதியதில் தப்பு எங்கே, விட்டுப்போனது எது, தன் தரப்பு வாதம் சரியாக வந்திருக்கிறதா என்று சொல்வது. வல்லுநர்களே உட்கார்ந்து ஒருமித்து எழுதும் அறிக்கைகளில் கூர்மையான வாக்கியங்களெல்லாம் பேரத்தில் கரைந்துபோகும். அப்படிப்பட்ட அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இது தெரியும். ஓ.டி.ஏ. அந்தக் குழியில் விழவில்லை.

இன்னொன்று, அவர்கள் பரிந்துரை செய்யவே மாட்டார்கள். "இதைச் செய்யுங்கள்" என்று எழுதாமல், உங்கள் முன்னால் இந்த வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் செலவு இது, யாருக்கு ஆதாயம், யாருக்கு நட்டம், எது இன்னும் தெரியாது என்று எழுதுவார்கள். தேர்ந்தெடுப்பது மக்கள் பிரதிநிதியின் வேலை. சிலருக்கு இது நழுவலாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரிந்துரையோடு வரும் அறிக்கையில் எல்லாரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, தனக்குச் சாதகமா பாதகமா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். வழிகளோடு வரும் அறிக்கையை இரு தரப்பும் படித்தாக வேண்டும்.

சரி, இதனால் என்ன மாறியது? எனக்குப் பிடித்த உதாரணம் பாலிகிராஃப், அதாவது பொய் கண்டறியும் கருவி.

1983 மார்ச்சில் ரீகன் அரசு ஓர் உத்தரவு போட்டது. ரகசியத் தகவல் கசிவதைத் தடுக்க அரசு ஊழியர்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்த அது வழி திறந்தது. பிரதிநிதிகள் சபைக் குழு ஒன்று ஓ.டி.ஏ.வைக் கேட்டது. அலுவலகம் புதிதாகச் சோதனை எதுவும் நடத்தவில்லை. அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்து, எந்தச் சூழலில் என்ன அளந்தார்கள் என்று பிரித்துப் பார்த்தது. அப்போதுதான் விஷயம் தெளிவானது. "கருவி சரியா தவறா?" என்ற கேள்வியே தப்பு. ஒரு குறிப்பிட்ட குற்றத்தில் சந்தேக நபரை விசாரிக்கும்போது இந்தச் சோதனை எவ்வளவு பலிக்கிறது என்பதற்கு ஓரளவு சான்று இருந்தது. ஆனால் எந்தக் குற்றமும் குறிப்பாகத் தெரியாமல் ஊழியர்களை மொத்தமாக வடிகட்ட இது உதவுமா என்பதற்குச் சான்று மிகக் குறைவு. அரசு செய்ய நினைத்தது இந்த இரண்டாவதை.

கணக்கு என்னவென்று நானே ஒன்று போட்டுக் காட்டுகிறேன். 1,000 ஊழியர்கள் இருக்கும் இடத்தில் 10 பேர் தகவலைக் கசியவிடுபவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரி சொல்லும் என்றும் தாராளமாக ஒப்புக்கொள்வோம். பத்தில் ஒன்பது பேர் மாட்டுவார்கள். ஆனால் குற்றமற்ற 990 பேரில் 99 பேரும் சேர்ந்து மாட்டுவார்கள். கையில் 108 பேர், அதில் 99 பேர் அப்பாவிகள். ஒருவர் தப்பியும் போய்விட்டார். தொண்ணூறு சதவீதம் என்று கேட்கும்போது வரும் நிம்மதி, இந்தக் கணக்கைப் பார்த்ததும் போய்விடும். முகத்தை அடையாளம் காணும் கேமரா, போலிப் பயனாளிகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் என்று இன்று அரசுகள் வாங்கும் எத்தனையோ பொருளுக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தும். விற்பனையாளர் துல்லிய சதவீதத்தைச் சொல்லும்போது, தேடப்படுபவர்கள் மொத்தத்தில் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

அந்த அறிக்கை 1983 நவம்பரில் வந்தது. காங்கிரஸில் எதிர்ப்பு வலுத்து, அடுத்த ஆண்டு அந்த உத்தரவின் சோதனைப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. 1988-இல் பெரும்பாலான தனியார் நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் வேலை செய்பவர்கள் மீதும் இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே வந்தது. ஓர் அறிக்கைதான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று நான் சொல்ல மாட்டேன்; தொழிற்சங்கங்கள் நீண்ட காலமாகப் போராடின. ஆனால் "அறிவியல் இதை ஏற்கிறது" என்ற வாதத்தை யாரும் எளிதாக வைக்க முடியாமல் போனது. நல்ல கொள்கை ஆய்வு பெரும்பாலும் செய்வது இதைத்தான்: சரியான முடிவைக் கண்டுபிடித்துத் தராவிட்டாலும், பொய்யான வாதம் ஒன்றை மேசையிலிருந்து எடுத்துவிடும். (இந்தியாவில் இதே கருவியும் நார்கோ சோதனையும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் நடத்தப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி வழக்கில் சொன்னது. அது அடிப்படை உரிமை என்ற வேறு வழியில் வந்த தீர்ப்பு.)

இன்னொரு உதாரணம் இதைவிடச் சூடானது. 1983 மார்ச்சில்தான் ரீகன் விண்வெளியிலிருந்து ஏவுகணைகளைத் தடுக்கும் திட்டத்தையும் அறிவித்தார். ஓ.டி.ஏ.வுக்காக ஆஷ்டன் கார்ட்டர் என்ற இளம் இயற்பியலாளர் 1984-இல் ஒரு பின்னணி அறிக்கை எழுதினார். முழுமையான, அல்லது ஏறக்குறைய முழுமையான பாதுகாப்பு கிடைக்கும் வாய்ப்பு வெகு தொலைவில் இருக்கிறது. மக்களின் எதிர்பார்ப்புக்கோ தேசத்தின் கொள்கைக்கோ அதை அடிப்படையாக வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். பாதுகாப்புத் துறை கொதித்தது. அறிக்கையைத் திரும்பப் பெறச் சொன்னது. கிப்பன்ஸ் வெளி வல்லுநர்களை வைத்து மறுபடி சரிபார்க்கச் செய்தார், அறிக்கை நின்றது. அதே திட்டத்தின் மென்பொருளைப் பற்றி 1988-இல் வந்த அறிக்கை இன்னும் கடுமையானது. முழுதாகச் சோதித்துப் பார்க்கவே முடியாத ஒரு மென்பொருள், முதல்முறை உண்மையான போரில் இயங்கும்போதே பேரளவில் தோற்கக்கூடும் என்றது. அந்தக் கார்ட்டர் பிற்பாடு ஒபாமா காலத்தில் பாதுகாப்புத் துறைக்கே அமைச்சரானார்.

எல்லாமே ராணுவம் என்று நினைக்க வேண்டாம். அமில மழை, கணினிப் பதிவேடுகள், மருத்துவச் செலவு, மரபணுத் தொழில் என்று ஏறக்குறைய 750 வெளியீடுகள் வந்தன. 1986-இல் மின்னணுப் பதிவேடுகளும் தனிமனித அந்தரங்கமும் என்ற பொருளில் ஒன்று வந்தது. ஒரு துறையின் கணினிப் பட்டியலை இன்னொரு துறையின் பட்டியலோடு ஒப்பிட்டு ஆட்களைச் சந்தேகப்படும் பழக்கம் எவ்வளவு பரவிவிட்டது என்று அது காட்டியது. இரண்டு ஆண்டு கழித்து அதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. நலத்திட்டப் பட்டியலிலிருந்து திடீரென்று பெயர் காணாமல் போன யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அந்த அறிக்கையைப் படிக்கும்போது நாற்பது ஆண்டு பழையது என்றே தோன்றாது.

அணு ஆயுதப் போரின் விளைவுகளைப் பற்றி 1979-இல் வந்ததையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் மீதும் சோவியத்தின் லெனின்கிராட் மீதும் குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று இரண்டு நாட்டு நகரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார்கள். பின்னிணைப்பில், குண்டே விழாத சார்லட்ஸ்வில் என்ற சிறு நகரம் அகதிகளாலும் பட்டினியாலும் எப்படித் தடுமாறும் என்று ஒரு புனைகதையையும் சேர்த்தார்கள். கணக்கிட முடியாத விளைவுகள் கணக்கிட முடிந்தவற்றுக்குக் குறைந்தவை ஆகாது என்று அறிக்கையில் வெளிப்படையாகவே எழுதினார்கள். அரசு அறிக்கையில் இந்த நேர்மை எனக்கு இன்றும் வியப்பு.

இவ்வளவு நன்றாக இருந்தால் ஏன் மூடினார்கள்?

1994 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி இரு அவைகளையும் பிடித்தது. பிரதிநிதிகள் சபை 40 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்கள் கைக்கு வந்தது. அரசைச் சுருக்குவோம் என்று வாக்குறுதி கொடுத்து வந்தவர்கள், முதலில் நம் வீட்டிலேயே வெட்டிக் காட்டுவோம் என்று பார்த்தார்கள். ஓ.டி.ஏ.வின் ஆண்டுச் செலவு ஏறக்குறைய 2.2 கோடி டாலர். ஊழியர்கள் சுமார் 200 பேர். அமெரிக்க பட்ஜெட்டில் அது கண்ணுக்கே தெரியாத தொகை. ஆனால் "ஓர் அலுவலகத்தையே மூடினோம்" என்று சொல்ல அது வசதியாக இருந்தது. அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த நியூயார்க் உறுப்பினர் அமோ ஹாட்டன் காப்பாற்றக் கடுமையாகப் போராடினார், முடியவில்லை. 1995 செப்டம்பர் 29 அன்று கதவைச் சாத்தினார்கள். வேடிக்கை என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனால் 1972 சட்டம் ரத்தாகவே இல்லை. இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பணம் ஒதுக்குவதுதான் நின்றுபோனது.

மூடியவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றில் நியாயம் உண்டு. ஆய்வு முடிய ஒன்றரை இரண்டு ஆண்டு ஆகும். அதற்குள் மசோதா வாக்கெடுப்பு முடிந்திருக்கும். இதை அலுவலகம் சரிசெய்திருக்க வேண்டும். ரீகனின் விண்வெளி ஏவுகணைத் தடுப்புத் திட்டத்தைப் பற்றிய அறிக்கைகள் சம்பாதித்த கோபமும் சிலரிடம் மிச்சம் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் அதன் நல்ல குணத்திலேயே இருந்தது என்பது என் கருத்து. நடுநிலையோடு, பரிந்துரை சொல்லாமல், பெயர் வாங்க அலையாமல் வேலை செய்த அலுவலகத்துக்கு வெளியே சொந்தக்காரர் யாரும் இல்லை. அதனால் தப்பிய பணமும் தடுக்கப்பட்ட தவறும் யார் கண்ணிலும் படவில்லை. 535 உறுப்பினர்களில் மேற்பார்வைக் குழுவில் இருந்த பன்னிரண்டு பேருக்கும், ஆய்வு கேட்ட குழுக்களின் தலைவர்களுக்கும்தான் அதன் அருமை தெரியும். புதிதாக வென்று வந்த உறுப்பினருக்கு அது வெறும் செலவுக் கணக்கு.

விளைவு உடனே தெரியவில்லை. 2018-இல் ஃபேஸ்புக் தலைவரை செனட்டில் விசாரித்தபோது, சேவை இலவசம் என்றால் வருமானம் எப்படி என்ற அளவில் கேள்விகள் வந்ததை உலகமே பார்த்தது. ஓ.டி.ஏ.வை மீட்க வேண்டும் என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. முழுதாக மீட்கவில்லை. நம் சி.ஏ.ஜி.யை ஒத்த தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2002-இலேயே எல்லையில் கைரேகை போன்ற உடலடையாளத் தொழில்நுட்பம் பற்றி ஒரு முன்னோட்ட மதிப்பீடு செய்திருந்தது. 2019-இல் அங்கே அறிவியல், தொழில்நுட்ப மதிப்பீட்டுக்குத் தனிப் பிரிவு வந்தது. தணிக்கைக்காரரின் கண் வேறு, முன்கூட்டிப் பார்ப்பவரின் கண் வேறு என்றாலும், ஒன்றும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

ஐரோப்பா இதற்குள் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பிரான்ஸ் 1983-இல், டென்மார்க்கும் நெதர்லாந்தும் 1986-இல், பிரிட்டன் 1989-இல், ஜெர்மனி 1990-இல் தங்கள் அமைப்புகளைத் தொடங்கின. பிரிட்டனின் போஸ்ட் அமைப்பு, உறுப்பினர் படிக்கும் அளவுக்குச் சில பக்கக் குறிப்புகளாகத் தருகிறது. தாமதப் பிரச்சினைக்கு அது நல்ல தீர்வு. டென்மார்க்கில் சாதாரணக் குடிமக்களையே அழைத்து, வல்லுநர்களைக் கேள்வி கேட்க வைத்து, அவர்களையே அறிக்கை எழுத வைத்தார்கள்.

இந்தியாவுக்கு வருவோம். நாடாளுமன்றத்துக்கென்று இப்படி ஓர் அமைப்பு நம்மிடம் இல்லை. 1988-இல் தொடங்கிய டைஃபாக், அதாவது தொழில்நுட்பத் தகவல், முன்கணிப்பு, மதிப்பீட்டு மன்றம் இருக்கிறது. அப்துல் கலாம் அதன் தலைவராக இருந்தபோதுதான் 2020-க்கான தொழில்நுட்பத் தொலைநோக்கு அறிக்கைகள் 1996-இல் வந்தன. நல்ல வேலை அது. ஆனால் அது அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ், நிர்வாகத்துக்குள் இருப்பது. நம்மால் எதைச் சாதிக்க முடியும் என்று பார்ப்பது அதன் முதன்மை வேலை. இதைக் கொண்டுவந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று எதிர்க்கட்சியும் நம்பும்படி சொல்வது வேறு வேலை. 1993 முதல் நாடாளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன. அவை நன்றாக உழைத்த இடங்களும் உண்டு. மரபணு மாற்றப் பயிர்களைப் பற்றி வேளாண் நிலைக்குழு 2012-இல் தந்த அறிக்கை ஓர் உதாரணம். ஆனால் அந்தக் குழுக்களுக்குச் சொந்தமாக அறிவியல் ஆய்வாளர் படை கிடையாது. அமைச்சக அதிகாரிகளை அழைத்துக் கேட்க வேண்டும், அல்லது வருபவர்களின் சாட்சியத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். 1960-களில் டடாரியோ நின்ற இடம் இதுதான். மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரிக்காய் விவகாரத்தில் 2010-இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, வந்த கடிதங்களையும் பரிசீலித்து, காரணம் எழுதி அனுமதியை நிறுத்திவைத்தார். அந்த முடிவை ஏற்கிறோமோ இல்லையோ, முறை பாராட்டுக்குரியது. ஆனால் அது ஓர் அமைச்சரின் விருப்பத்தால் நடந்தது. அடுத்த அமைச்சர் செய்தாக வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

உங்கள் வேலைக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியதைச் சொல்கிறேன். துறை உங்களிடம் "இந்த மென்பொருளை எப்படி அமல்படுத்தலாம்?" என்று கேட்டால், "எந்தச் சிக்கலைத் தீர்க்க?" என்று எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். விரிவான திட்ட அறிக்கை தயாரிப்பவரே பிறகு டெண்டரிலும் வரக்கூடியவரா என்று பாருங்கள். திட்டத்தால் அடிபடக்கூடிய ஒருவராவது, களப் பணியாளரோ ரேஷன் அட்டைதாரரோ, உங்கள் வரைவைப் படிக்க வழி செய்யுங்கள். ஒரே பரிந்துரையோடு முடிக்காதீர்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் சேர்த்துக் குறைந்தது மூன்று வழிகளாவது செலவோடு இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாததற்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அறிக்கையை எப்போது, யார் வெளியிடுவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்முன் பேசிவிடுங்கள். அப்புறம் பேச முடியாது.

ஓ.டி.ஏ.வின் அறிக்கைகளைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பாலிகிராஃப் அறிக்கையையும் 1986-இன் பதிவேடுகள் அறிக்கையையும் முதலில் படியுங்கள். முதலாவது கேள்வியை எப்படி உடைப்பது என்று காட்டும், இரண்டாவது ஒரு துறையின் பழக்கத்தை எப்படிக் கணக்கெடுப்பது என்று காட்டும்.